பார்பரா நாள்

பூ என்றால் பூவுக்காகச் சண்டை போடலாம். சாக்லேட் என்றால் சாக்லேட்டுக்காகச் சண்டை போடலாம். ஒருத்தன் இன்னொருத்தன் பெண்டாட்டிக்கு இலைகூட இல்லாத வெறுங்குச்சிகளை நூலால் கட்டிக் கொடுத்தனுப்பினால், என்னவென்று சொல்லிச் சண்டை போடுவது? தேசிங்கு மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, சமையலறை மேஜைமேல் கிடந்த அந்தக் கொத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு முழம் நீளம் இருக்கும். கருஞ்சிவப்புப் பட்டை, அதில் அங்கங்கே மிளகைவிடச் சின்ன முடிச்சுகள், நடுவில் சிவப்பு நூல். காலையில் பார்பரா நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போலந்துப் பக்கம் போனாள். போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கீழ்வீட்டு ஹெட்விக் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து இதைக் கொடுத்தாள். ஹெட்விக் விடியுமுன்னே அந்தப் பக்கத்துக் கோயிலில் பூசை பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாது என்ற நினைப்பில் தெருவுக்கே தெரியும்படி திரும்பி வருகிறவள். "அந்தப் பக்கத்து சர்வேயர் தெயோபில் குடுத்தனுப்பினார்ப்பா. பார்பராகிட்ட குடுத்துடு. இன்னிக்கு பார்பரா நாளாச்சே!" என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பார்பரா நாளா? பார்பராவின் பிறந்தநாள் மே மாதம். கல்யாண நாள் ஆகஸ்டு. டிசம்பர் பிறந்து நாலாம் தேதி ஆகிறது, இதில் அவளுக்கென்று என்ன நாள்? அவளுக்கு ஒரு நாள் இருக்கிறது, அது தெயோபிலுக்குத் தெரிந்திருக்கிறது, கீழ்வீட்டுக் கிழவிக்குத் தெரிந்திருக்கிறது, தாலி கட்டாத குறையாக மோதிரம் மாற்றிக்கொண்டு கூடக் குடித்தனம் நடத்துகிறவனுக்குத் தெரியவில்லை. ஏற்கனவே வெறும் வாயை மெல்லுகிறவன் அவன். அவல் வேறு கிடைத்துவிட்டது. குச்சிக்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்? ஊரில் குச்சி என்றால் பல் விளக்க, இல்லாவிட்டால் அடுப்பெரிக்க, இல்லாவிட்டால் பிள்ளையை அடிக்க. இது ஏதோ சைகை. இன்ன நேரம், இன்ன இடம் என்று இரண்டு பேருக்குள் பேசிவைத்த சைகை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாம் பள்ளிக்கூடத்தில் படித்த சரித்திரத்தில், முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஜெர்மனியில் கிளம்பிய தொழிலாளர் புரட்சி சீக்கிரமே அடங்கிப்போனது. தேசிங்கு குடியிருக்கிற சரித்திரத்தில் அது அடங்கவில்லை. பெர்லினில் செங்கொடி ஏறியது, ஏறினது இறங்கவேயில்லை. அடிமை நாட்டுத் தொழிலாளிப் பிள்ளைகளுக்குப் படிப்பு இலவசம் என்று அந்தக் கொடிக்காரர்கள் அறிவித்தபோதுதான், கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்து லைன் வீட்டில் பிறந்த தேசிங்கைச் சுரங்கத் தொழிற்சங்கத்தார் நிதி திரட்டிக் கப்பலேற்றிவிட்டார்கள். சுரங்கத்துக்குள் அளவெடுக்கும் சர்வே படிப்பு படித்து, இந்த மேல் சிலேசிய நிலக்கரி ஊருக்கு வேலைக்கு வந்தான். ஊருக்குக் கிழக்கே ஒரு சாக்கடைக் கால்வாய், அதற்கு அப்பால் போலந்து. கிழக்கே ரஷ்யாவும் சிவப்பு, மேற்கே ஜெர்மனியும் சிவப்பு, நடுவில் மாதாகோயில் மணியை அடித்துக்கொண்டு போலந்து. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஜெர்மனிக்கு அதன்மேல் இருப்பது நட்பு என்று பேப்பரில் போடுவார்கள். அது எப்பேர்ப்பட்ட நட்பு என்று தேசிங்குக்குத் தெரியும். ரஷ்யாக்காரனோடு ராத்திரி என்ன பேச்சு? செக்கோஸ்லோவாக்கியாக்காரன் வீட்டுப் பக்கம் ஏன் போனாய்? என் கரியை வாங்கி, என் ரயிலில் ஏறி, என்னைப் பார்த்துச் சிரிக்காமல் அவனைப் பார்த்து ஏன் சிரித்தாய்? இப்படிப்பட்ட நட்பு. இந்த இலையுதிர் காலத்தில் போலந்து போய் செக்கோஸ்லோவாக்கியாவோடு ஒரு ரயில் பாதைக்குக் கையெழுத்துப் போட்டது. அதன் கரி இனிமேல் ஜெர்மனியைத் தொடாமல் தெற்கே போகும். அவ்வளவுதான். பெர்லின் மிதிபட்ட நாகமாகச் சீறிவிட்டது. எல்லையோரத்துச் சனங்கள் அக்கரைக்கு நடந்து போய்வர வைத்திருந்த அட்டைகள் நாளையிலிருந்து செல்லாது. இன்று இருட்டியதும் சோதனைச்சாவடியில் சங்கு ஊதும், தடுப்புக் கம்பம் இறங்கும். அந்த நிமிஷம் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்களோ அவர்களுக்கு அந்தப் பக்கம்தான். திரும்ப எப்போது திறக்குமோ, அவரவர் பிள்ளைகள் காலத்தில்தான் திறக்குமோ. அப்படிப்பட்ட நாளில் பார்பரா அக்கரைக்குப் போயிருக்கிறாள். "அக்காவைப் பார்த்துட்டு இருட்டறதுக்குள்ள வந்துடறேன்" என்றாள். போகாதே என்று சொல்லியிருக்கலாம். நானும் வருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். தேசிங்கு பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டபடி தலை நிமிராமல், "உன் இஷ்டம்" என்றான்.

உன் இஷ்டம். அந்த இரண்டு வார்த்தையும் காலையிலிருந்து பல்லிடுக்கில் மாட்டிய கறித் துணுக்காக நின்றுகொண்டு போகமாட்டேன் என்கின்றன. அவன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். மூன்றாவது மாடி. கால்வாயும், அதன்மேல் மரப்பாலமும், சாவடியும், தூக்கி நிறுத்திய சிவப்பு வெள்ளைக் கம்பமும் இங்கிருந்தே தெரியும். பாலத்தில் சனம் திரும்பிக்கொண்டிருந்தது. கூடைகள், மூட்டைகள், ஒரு தையல் மெஷின், தோளில் தூங்கும் குழந்தை. நீலக் கோட்டு இல்லை. அக்கரையில் காலையிலிருந்து பாண்டு வாத்தியம் அடிக்கிறார்கள். ஊதலும் தாளமுமாக இவன் வீட்டுக் கண்ணாடி வரைக்கும் அதிர்கிறது. என்ன விசேஷமோ, வருஷத்தில் பாதி நாள் அவர்களுக்கு விசேஷம்தான். அந்தக் கும்பலில் விசேஷ நாள் கறுப்பு உடுப்பும் தொப்பியில் இறகுமாக அவன் நிற்பான். தெயோபில். வருஷத்தில் இரண்டு தரம் தேசிங்கும் அவனும் சேர்ந்து கீழே இறங்குவார்கள். மேலே இரண்டு நாடு, கீழே ஒரே கரி. எந்தக் கரி யாருடையது என்று அளந்து, சுரங்கச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட வேண்டும். அதுதான் எல்லை. இரண்டு பேரும் இரும்பு டேப்பின் இரு முனையையும் பிடித்துக்கொண்டு, தூக்குக்குண்டு ஆட்டம் அடங்கும் வரை மூச்சுக்கூட விடாமல் நிற்பார்கள். இருட்டில் அவ்வளவு பக்கத்தில் நிற்கும்போது இன்னொருத்தன் சாப்பிட்ட வெங்காயம்கூடத் தெரியும். ஒரு தரம் அப்படி நிற்கையில் தெயோபில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எங்க தெருப் பொண்ணைக் கொண்டுபோயிட்டீங்க சார். கரியிலயாவது நாலு விரக்கடை விட்டுக் குடுங்க." தேசிங்கும் சிரித்தான். சிரித்துவிட்டு அன்றைக்கு ஒரு விரக்கடைகூட விட்டுக்கொடுக்கவில்லை. கோடு சரியாகத்தான் விழுந்தது. ஆனால் அந்தப் பேச்சு எங்கே விழுந்தது என்று யார் அளப்பது? எங்க தெருப் பொண்ணு. ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே கோயில் பாட்டு. தேசிங்குக்கு பார்பராவை அவளுடைய இருபத்தாறு வயசிலிருந்துதான் தெரியும். மூக்கு ஒழுகிய பார்பரா, முதல் முதலாகத் தாவணி வயசுக்கு வந்த பார்பரா, யாரையோ நினைத்து அழுத பார்பரா, இவர்கள் எல்லாரும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க எந்த அட்டையும் செல்லாது.

தெயோபில் அவளை பாஷா என்று கூப்பிடுகிறான். பார்பராவுக்கு அவர்கள் பாஷையில் அதுதான் செல்லப் பெயராம். மாரிக்குப்பத்தில் பாஷா என்றால் கறிக்கடை பாய். அதைச் சொல்லித் தேசிங்கு ஒரு தரம் கேலி செய்தான். பார்பரா விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்து முடித்துவிட்டு, "ஆனா எங்கம்மாவும் என்னை அப்படித்தான் கூப்பிடுவா" என்றாள். அதற்கு மேல் அந்தப் பெயரைத் தொட முடியவில்லை. பெயராவது காற்றோடு போகிற சமாச்சாரம். கை? எல்லை அளக்கும் கூட்டுக் கமிஷன் விருந்தில், இரண்டு நாட்டுக் கொடிக்கும் கீழே, எல்லாருக்கும் முன்னால் தெயோபில் குனிந்து பார்பராவின் வலது கையை எடுத்து முத்தமிட்டான். அது அவர்கள் மரியாதையாம். சோற்றுக்கையில் முத்தமிடுவது என்ன மரியாதையோ! சிவப்பு ஜெர்மனியில் அதைப் பண்ணைக்காரப் பழக்கம் என்று நிறுத்திப் பல காலமாகிறது, இங்கே எல்லாரும் கையைக் குலுக்குவதோடு சரி. மற்ற பெண்கள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்கள். பார்பரா இழுத்துக்கொள்ளவில்லை. பழகின கை அல்லவா, அதுவாகவே மணிக்கட்டு கொஞ்சம் வளைந்து மேலே எழுந்தது. அந்த வளைவு, அதுதான். அவன் குனிந்ததுகூடப் பெரிசில்லை. அன்று ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது அந்தக் கை சோப்பு நுரைக்குள் போய்வருவதை இவன் பார்த்துக்கொண்டே நின்றான். "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல." போன வருஷம் தேசிங்கு நெஞ்சுச் சளியில் படுத்திருந்தபோது ஒரு டப்பா வாத்துக் கொழுப்பு வந்தது, நெஞ்சில் தேய்க்கச் சொல்லி, தெயோபிலிடமிருந்து. தேய்த்த மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டான். பாவி, என் உடம்பு தேறினால்தானே நான் வேலைக்குப் போவேன், நான் வேலைக்குப் போனால்தானே வீடு காலியாக இருக்கும் என்று அப்போதே தோன்றியது. தோன்றிய மாத்திரத்தில் வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது, தோன்றியது போகவில்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். தனக்குக் காமாலை என்று தெரிந்த பிறகும் மஞ்சளாகவே தெரிகிறதே, அதற்கு என்ன சொல்வார்கள்?

இது அப்பன் விட்டுப்போன சொத்து. நைனா ஷிப்டு முடிந்து வந்தால் முதலில் தண்ணீர் குடிக்கமாட்டார், டம்ளர்களைத் தொட்டுப் பார்ப்பார். காலையில் கழுவிக் கவிழ்த்த டம்ளர் காய்ந்திருக்க வேண்டும். ஒன்று ஈரமாக இருந்தால் தீர்ந்தது. "யாருக்குடி காபி குடுத்த?" அம்மா சொல்லுவாள்: "இன்னா பேச்சு பேசற நீ? புள்ள குடிச்சான்." பிள்ளை, அதாவது தேசிங்கு, ஆமாம் நான்தான் குடித்தேன் என்று சொல்ல வேண்டும். குடிக்காத நாளிலும் சொல்லியிருக்கிறான். ஏனென்றால் அம்மா தாகத்துக்குத் தான் குடித்ததைக்கூட நான் குடித்தேன் என்று சொல்லமாட்டாள், சொன்னால் நைனா நம்பமாட்டார். பெரியவனானால் ஒருபோதும் டம்ளரைத் தொட்டுப் பார்க்கக்கூடாது என்று அன்றைக்கு நினைத்தான். நினைத்தவன் இன்று காலை, பார்பரா போனதும், அவளுடைய சீப்பு இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. செருப்பு இருந்தது. ராத்திரிச் சட்டை தலையணைக்கடியில் மடித்தபடி இருந்தது. திரும்பி வருகிறவள்தான் இதையெல்லாம் விட்டுப்போவாள் என்று நிம்மதி வந்தது. நிம்மதி வந்த அதே மூச்சில், சந்தேகம் வராமலிருக்க வேண்டுமென்றே விட்டுப்போயிருந்தால் என்றும் வந்தது. இப்போது ஜன்னலை விட்டு மறுபடி படுக்கையறைக்கு ஓடினான். அலமாரியின் மேல் டிராயர். அதில் அவள் அம்மாவின் படம் இருக்கும், உள்ளங்கை அகலம், ஓரம் நைந்து போன படம். டிராயரை இழுத்தான். கைக்குட்டை இருந்தது, ஊசிப்பெட்டி இருந்தது. படம் இல்லை. தேசிங்குக்குச் சுரங்கத்தில் ஆளை இறக்கும் கூண்டு அறுந்த சத்தம் கேட்டது. தங்கவயலில் சின்ன வயசில் எத்தனையோ ராத்திரி கேட்டுப் பயந்த சத்தம், இறங்குகிற கூண்டு நிற்காமல் இறங்கிக்கொண்டே போகிற சத்தம். சீப்பையும் செருப்பையும் எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அம்மா படத்தை எடுத்துக்கொண்டு போகிறவள் எதற்குப் போகிறாள்? குடியிருக்கப் போகிறாள்.

திரும்பி வந்து ஜன்னலில் நின்றான். அறை குளிர்ந்திருந்தது. இரும்பு அடுப்பில் நெருப்பு சாம்பல் பூத்துக் கண்ணை மூடப் பார்த்தது. கரி கீழே நிலவறையில் இருக்கிறது. வாளியை எடுத்துக்கொண்டு இறங்கி, பூட்டைத் திறந்து, அள்ளிக்கொண்டு ஏறி வர வேண்டும். அதற்குள் அவள் பாலத்துக்கு வந்து, நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டால்? அப்படி யாராவது செய்வார்களா என்று கேட்கக்கூடாது. பொறாமைக்காரனின் மனசில் எல்லாரும் எதையும் செய்வார்கள். கீழே போகமாட்டேன் என்று நின்றான். கை விறைத்தது. மேஜைமேல் குச்சிகள் கிடந்தன. குச்சி எதற்கு? அடுப்பெரிக்கத்தானே. சிவப்பு நூலை அவிழ்த்தான். சர்வேக்காரன் கையல்லவா, நூலை அறுக்காமல் முடிச்சைப் பிரித்து, விரலில் சுற்றி ஒழுங்காக ஓரமாக வைத்தான். பிறகு ஒரு குச்சியை எடுத்து முட்டியில் வைத்து ஒடித்தான். படக்கென்று ஒடியவில்லை. வளைந்து நார் நாராகப் பிய்ந்தது. உள்ளே பச்சை. செத்த குச்சி என்று நினைத்திருந்தான், ஈரமாக, உயிராக இருந்தது. ஒரு கணம் கை நின்றது. எதற்கென்று தெரியாமலே போன வருஷக் குளிர்கால விழா ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு இங்கே அதுதான் பெயர். வெளியே முழங்கால் அளவு பனி, இதே மேஜையில் ஜாடி நிறைய வெள்ளைப் பூ. கூட்டுறவுக் கடையில் வாங்கியிருப்பாள் என்று நினைத்து அவன் கேட்கவில்லை. அவள் அந்தப் பூவுக்குப் பின்னாலிருந்து அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு யாருக்கு? எனக்கா, இல்லை, என்னைத் தாண்டி எதையோ நினைத்தா? நினைப்பு அங்கே போய் மாட்டிக்கொண்டதும் கைக்குத் தெம்பு வந்துவிட்டது. அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே வைத்தான். குச்சி முதலில் புகைந்தது, நுனியில் நுரை கட்டிச் சீறியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. அறையில் இனிப்பாக ஒரு வாசனை எழுந்தது. கெட்டவன் கொடுத்த குச்சியில் என்ன நல்ல வாசனை!

தெரு முனை ஒலிபெருக்கி பேச ஆரம்பித்தது. நாம் நம்பினோம், நமது நம்பிக்கைக்கு நம் அண்டை வீட்டார் செய்த கைம்மாறு இதுதானா, ஒரு கையை நம்மிடம் கொடுத்துவிட்டு மறுகையை மறைவில் வேறொருவருக்கு நீட்டுகிறவர்களை என்னவென்று அழைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார் அறிவிப்பாளர். தேசிங்கு இரண்டாவது குச்சியை வைத்தான். சரியாகத்தான் சொல்கிறார் என்று தோன்றியது. நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு பெரிய கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிற மந்திரிமார்களும் காலையில் எழுந்ததும் டம்ளரைத் தொட்டுப் பார்க்கிறவர்கள்தானோ என்றும் தோன்றியது. தோன்றியதும் தனக்குத்தானே சிரித்தான். சிரிப்பு நெஞ்சுக்குக் கீழே இறங்கவில்லை. பாலத்தில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நீலக் கோட்டு வந்தது, கண்ணாடியில் நெற்றி இடிக்கப் பார்த்தான், அவளில்லை, யாரோ பருத்த பெண்பிள்ளை. மூன்றாவது குச்சி. அக்கரையில் இப்போது அவள் என்ன செய்வாள்? அக்கா ஆக்னெஸ் வீட்டு மேஜையில் அம்மா படத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பாள். தெயோபில் வந்திருப்பான், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருப்பான், இறகை விரலால் நீவிக்கொண்டே, இருட்டட்டும் என்று காத்திருப்பான். அவர்களுக்குள் மொழிபெயர்க்க வேண்டியதே இருக்காது. என்னோடு பேசும்போது பார்பரா சில சொல்லுக்கு நின்று தேடுவாள், நானும் தேடுவேன், இரண்டு பேரும் ஜெர்மன் பாஷையில் ஏதோ ஒரு சொல்லில் சந்தித்துக்கொள்வோம். அவர்களுக்கு அந்தத் தேடல் கிடையாது, வாயைத் திறந்தால் வீடு. அடுத்த குச்சி. சங்கு ஊதியதும் அவள் ஒரு சொட்டு அழுவாள், எனக்காகத்தான் அழுவாள், அவன் ஆறுதலாகக் கையை எடுத்து... அடுத்தது. அதற்கும் அடுத்தது. கடைசிக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். வந்துவிடு, வந்தால் இதை வைக்கமாட்டேன் என்று யாரிடமோ பேரம் பேசினான். பாலம் காலியாக இருந்தது. வைத்துவிட்டான்.

அப்போதுதான் அவள் வந்தாள். அப்படித்தான் நடக்கும். பாலத்தின் அந்தக் கோடியில் நீலம் தெரிந்தது, தெரிந்ததும் நடையைக் கொண்டே கண்டுகொண்டான். ஒரு பக்கம் சற்றே சாய்ந்த, குளிருக்குத் தோளைக் குறுக்கிய நடை. காவல்காரன் அட்டையை வாங்கி ஓட்டை போட்டு வைத்துக்கொண்டான். கம்பத்துக்கு இந்தப் பக்கம் வந்த பிறகு ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். தேசிங்குக்கு உடம்பெல்லாம் இளகிக் கண்ணில் தண்ணீர் முட்டியது. முட்டிய தண்ணீர் காய்வதற்குள், யாரைத் திரும்பிப் பார்த்தாள் என்று ஒரு கேள்வி எழுந்து உட்கார்ந்துகொண்டது. மாடிப்படியில் காலடி கேட்டது. கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்று, மூக்கை உயர்த்தி முகர்ந்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"செர்ரிக் கட்டை எரியுதே! எங்க வீட்டு வாசனை. அப்பா பழைய கிளையைத் தறிச்சு அடுப்புல வெப்பார், இப்படித்தான் மணக்கும். யாரு, ஹெட்விக் வீட்டுலயா?"

தேசிங்கு காலியான கரி வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"கிளை கொண்டுவந்து குடுத்தாளா அவ?"

"குடுத்தா."

"தண்ணியில வெச்சியா?"

"தண்ணியிலயா?"

அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். "உனக்கு எப்படித் தெரியும், நான்தான் சொன்னதே இல்லையே. இன்னிக்கு புனித பார்பரா நாள். என் பேருக்குரிய நாள். அந்தப் பக்கம் பிறந்தநாளைவிட இதுதான் பெருசு. சுரங்கத்துல இறங்கறவங்களுக்கும் அவதான் காவல், அதான் பாண்டு எல்லாம். இன்னிக்கு வெட்டித் தண்ணியில வெச்ச செர்ரிக் கிளை சரியா கிறிஸ்துமஸுக்குப் பூக்கும். புனிதர் அது இதுன்னு உன் ஆபீஸ்ல யார் காதுலயாவது விழுந்தா உனக்கு வம்புன்னு, நான் படுக்கையறைத் திரைக்குப் பின்னால வெச்சுடுவேன். போன வருஷம் பாத்தியே, வெள்ளையா?"

தேசிங்கு அடுப்புக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான்.

"இதான் கடைசி," என்றாள் பார்பரா. "அக்கரையில எங்கம்மா வீடு சாஞ்சுடுச்சு. அடியில கரி எடுத்துட்டாங்கல்ல, தெருவே இறங்குது, வேலி போட்டுட்டாங்க. சர்வேயர் மட்டும்தான் உள்ள போகலாம். அதனாலதான் தெயோபில்கிட்ட கேட்டேன். கிழவி கூடையைச் சாவடியில கிளறமாட்டாங்கன்னு ஹெட்விக்கிட்ட குடுத்துவிடச் சொன்னேன். எங்க செர்ரி மரத்தை நாளைக்கு வெட்டறாங்களாம். அம்மா படத்தை அக்காவுக்குக் குடுத்துட்டேன். படம் அவளுக்கு, கிளை எனக்கு. பங்கு பிரிச்சாச்சு."

சொல்லிவிட வேண்டிய இடம் இது. தேசிங்கின் நாக்கு அதைச் சொல்லவில்லை. "தெயோபிலைப் பாத்தியா?" என்று கேட்டது.

"கோயில் வாசல்ல பாத்தேன்."

"என்ன சொன்னான்?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம் அது. அந்த முகத்தை வைத்துக்கொண்டா இத்தனை நாளும் சந்தேகப்பட்டான்! "இங்கேயே இருந்துடுன்னார்," என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"நீங்க அனுப்பின கிளை போதும்னு சொல்லிட்டு வந்துட்டேன்." சொல்லிக்கொண்டே மேஜையைப் பார்த்தாள். அங்கே ஒழுங்காகச் சுற்றிய சிவப்பு நூல் மட்டும் இருந்தது. அதைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், மறுபடி ஒரு தரம் மூச்சை இழுத்தாள். இந்தத் தரம் முகம் மலரவில்லை. தேசிங்கு விலகி நின்று அடுப்புக் கதவைத் திறந்தான். உள்ளே கடைசிக் கிளை முழுசும் கங்காகி, உருக்குலையாமல், மிளகு முடிச்சுகள்கூடத் தனித்தனியாகத் தெரியச் சிவந்து கிடந்தது. காற்றுப் பட்டதும் உதிர்ந்தது.

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

அவள் கோட்டைக் கழற்றவில்லை. வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. கம்பம் இன்னும் மேலேதான் நின்றது. காவல்காரனிடம் கெஞ்சினால் ஒரு பெண்பிள்ளையை விடாமலா போவான்? தேசிங்குக்கு அது தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது என்று அவனுக்குத் தெரிந்தது. காரணம் சொல்லலாம். கரி தீர்ந்துவிட்டது, கீழே போக முடியவில்லை, குச்சி என்று நினைத்தேன். எல்லாம் நிஜம்தான், ஒன்றுக்கும் உதவாத நிஜம். எரித்தது குச்சியென்று நினைத்தல்ல, தெயோபிலை நினைத்து என்று அவளுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். காலையில் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது இப்போது தொண்டைக்கு வந்தது. மறுபடியும் "உன் இஷ்டம்" என்றுதான் வரப் பார்த்தது. அதை விழுங்கினான்.

"போகாதே," என்றான்.

பார்பரா நாற்காலியை இழுத்து அடுப்புக்கு முன்னால் போட்டு, கோட்டோடு உட்கார்ந்தாள். அவன் புகை வருகிறதே என்று கதவைச் சாத்தக் கை நீட்டினான். "சாத்தாதே. வாசனை இருக்கற வரைக்கும் இருக்கட்டும்" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தேசிங்கு பிழைத்திருப்பான். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கங்குமேல் சாம்பல் ஏறிக்கொண்டு வந்தது. சங்கு ஊதியது. நீளமாக, ஷிப்டுக்கு ஊதுவதைவிட ரொம்ப நீளமாக ஊதியது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ஊதி ஓய்ந்து, அக்கரைப் பாண்டும் நின்று, சத்தமே இல்லாமல் போன பிறகுதான் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினாள். அதோடு விட்டுவிட்டாள். விரல் விறைத்துப்போய் அடுத்த பொத்தான் வரவில்லை போலிருக்கிறது. நீலம் பாரித்த வலது கையை அவன் பக்கம் நீட்டி, முகத்தைப் பார்க்காமலே, "தேய்ச்சு விடு" என்றாள்.

தேசிங்கு அந்தக் கையை இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தான். கோயில் வாசலில் இன்றைக்கு யாராவது இதை முத்தமிட்டார்களா என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது.